உடுக்குறி இடப்படாத வெற்றிகள்

சென்ற வாரம் தில்லியில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், புள்ளியியல் முதுகலை பயிலும் தூத்துக்குடித் தம்பி ஒருவர் தம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் ஓர் அட்டவணை இருந்தது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில் வெவ்வேறு காலங்களில் வாகை சூடிய எட்டு அணிகளை ஒரே களத்தில் மோதவிட்டிருந்தார். 1950, 1972, 1987, 2001 ஆகிய ஆண்டுகளின் லேக்கர்ஸ், 1962, 1986 ஆண்டுகளின் பாஸ்டன் செல்டிக்ஸ், 1996இன் சிகாகோ புல்ஸ், 2017இன் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அவர் எழுதிய நிரல் இத்தொடரை ஆயிரம் முறை நடத்தியிருந்தது. பாதிக்கும் மேற்பட்ட முறை வாரியர்ஸ் வென்றது. 1950 லேக்கர்ஸ் ஒருமுறைகூட முதற்சுற்றைத் தாண்டவில்லை. "அக்கா, இத நம்பலாமா?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. தேநீர் ஆறுவதற்குள் சொல்லக்கூடிய விடையும் அன்று. அதை முழுமையாக இங்கே எழுதிப் பார்க்கிறேன். கூடைப்பந்தை நான் பள்ளிக் காலத்தோடு விட்டுவிட்டவள். ஆனால் நடக்காத ஒன்றைச் சான்றுகளிலிருந்து கட்டி எழுப்புவது என் துறையின் அன்றாட வேலை என்பதால் இக்கேள்வி என்னை விடவில்லை.

வரலாற்று மொழியியலில் எங்கும் எழுதப்பட்டுக் கிடைக்காத, ஒப்பீட்டின் வழியே மட்டும் நாம் மீட்டெடுக்கும் சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி இடுவோம். மூலத் திராவிட வடிவமாயினும் மூல இந்தோ ஐரோப்பிய வடிவமாயினும் இதுவே மரபு. இச்சொல்லை ஒருவரும் பதிவுசெய்யவில்லை, இது எங்கள் ஊகம், ஆனால் காரணங்கள் உள்ள ஊகம் என்பது அக்குறியின் பொருள். இவ்வழக்கத்தை முறைப்படுத்திய ஆகுஸ்ட் ஷ்லைஹர், 1868இல் ஒருபடி மேலே சென்று, மீட்டெடுத்த மூலமொழியிலேயே செம்மறியாடும் குதிரைகளும் பேசிக்கொள்ளும் சிறு கதையொன்றை எழுதினார். அக்கதையின் பிற்கால வரலாறுதான் சுவையானது. ஹெர்மன் ஹிர்ட் அதை மாற்றி எழுதிய வடிவம் 1939இல் வெளிவந்தது. 1979இல் லேமனும் ஸ்குஸ்தாவும் மீண்டும் மாற்றினர். ஷ்லைஹரின் கதை சமஸ்கிருதத்தின் சாயலில் அகரங்களால் நிறைந்திருந்தது. ஹிர்ட்டின் கதையில் எகர ஒகரங்கள் வந்து அமர்ந்தன. பின்னவர்களின் கதையில் குரல்வளை ஒலிகள் சேர்ந்தன. ஆட்டுக்கும் குதிரைக்கும் வயது ஏறவில்லை. கதை எழுதியவர்களின் கோட்பாடுதான் மாறிக்கொண்டே வந்தது.

தம்பியின் அட்டவணையில் எனக்குப் பட்ட முதற்குறை அங்கே உடுக்குறி இல்லை என்பதே. 1996இல் புல்ஸ் பெற்ற 72 வெற்றிகளும், நிரல் அவர்களுக்கு அளித்த வெற்றிகளும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில் இருந்தன.

இத்தகைய பாவனைப் போட்டிகள் நேற்று முளைத்தவை அல்ல. அட்டைகளையும் பகடைகளையும் கொண்டு ஆடப்படும் பேஸ்பால் விளையாட்டுகளான ஆப்பா 1951இலும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961இலும் சந்தைக்கு வந்தன. ஒரு வீரரின் சென்ற ஆண்டுப் புள்ளிவிவரம் ஓர் அட்டையாகும், பகடை உருளும், அவர் மீண்டும் ஆடுவார். ஆனால் வெவ்வேறு காலத்தவரைக் கணினியில் மோதவிட்டு, அதன் முடிவை ஊர் முழுவதும் ஒரு செய்தியாகக் கேட்கும்படி செய்த நிகழ்ச்சி குத்துச்சண்டையில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1967இல் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் முர்ரே வொரோனர், எக்காலத்துக்கும் சிறந்த கனரகக் குத்துச்சண்டை வீரர் யார் என்பதைக் கண்டறியும் பதினாறு பேர் தொடரொன்றை அறிவித்தார். வீரர்களின் வேகம், அடியின் வலு, தாங்கும் திறன் முதலானவற்றைக் குறித்து வல்லுநர்களிடமும் விளையாட்டு எழுத்தாளர்களிடமும் கருத்துக் கேட்டு, அவற்றை எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்னும் கணினியில் ஏற்றினர். வெளிவந்த முடிவுகள் நேர்முக வருணனை வடிவில், கூட்டத்தின் ஆரவாரத்தோடு, வானொலியில் ஒலிபரப்பாயின. இறுதியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ வாகை சூடினார்.

முகம்மது அலி காலிறுதியிலேயே தோற்றார். அவரை வென்றவராகக் கணினி காட்டியது ஜிம் ஜெஃப்ரிஸ் என்பவரை. இப்பெயர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நினைவில் ஆழப் பதிந்த பெயர். ஓய்வுபெற்றிருந்த ஜெஃப்ரிஸை வெள்ளையரின் நம்பிக்கையாக முன்னிறுத்திக் களத்துக்கு அழைத்துவந்தனர். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜாக் ஜான்சன் என்னும் கறுப்பின வாகையர் அவரைப் பதினைந்தாம் சுற்றில் வீழ்த்தினார். உண்மையான களத்தில் தோற்றவர் ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஓர் எந்திரத்துக்குள் வென்றார்.

அந்த 1967இல் அலி எங்கே இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச்சேர்ப்பை ஏப்ரல் மாதம் மறுத்தமையால் அவருடைய பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தன. ஜூனில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உண்மைக் களத்தில் கால்வைக்கத் தடைசெய்யப்பட்டவர் பாவனைக் களத்தில் தோற்கடிக்கப்பட்டார். அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். தமக்கு எதிரான எந்திரத் தீர்ப்பொன்றை ஒரு விளையாட்டு வீரர் அவதூறு என்று நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றதை நான் வெறும் கோபமாகப் பார்க்கவில்லை. எண்களை ஊட்டியவர் யார் என்று கேட்கும் உரிமை அவ்வழக்கில் இருந்தது.

வழக்கு சமரசமாயிற்று. 1969இல் அலியும் மார்சியானோவும் ஒரு படப்பிடிப்பு அரங்கில் ஏறத்தாழ 70 ஒரு நிமிடச் சுற்றுகள் நடித்தனர். 1956இல் ஓய்வுபெற்றுவிட்ட மார்சியானோ இதற்காக உடல் எடையைக் குறைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டார். எந்த முடிவு வந்தாலும் பொருத்திக்கொள்ளும்படி பல முடிவுகள் படமாக்கப்பட்டன. படம் வெளிவருவதற்கு முன்பே, ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ இறந்தார். 1970 ஜனவரியில் திரையரங்குகளில் மக்கள் பார்த்த முடிவில் பதின்மூன்றாம் சுற்றில் அலி வீழ்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் உயிருள்ள அலி அட்லாண்டாவில் ஜெர்ரி குவாரியை வென்று களத்துக்குத் திரும்பினார் என்பதைப் பின்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கூடைப்பந்துக்கு வருகிறேன். குத்துச்சண்டையில் கருத்துக் கணிப்பை எண்களாக்கினார்கள். கூடைப்பந்தில் உண்மையான எண்களே இருக்கின்றனவே, அங்கே பழைய சிக்கல் எழாது என்று தம்பி வாதிட்டார். ஆனால் அவ்வெண்களுக்கும் தனித்தனிப் பிறந்த நாள் உண்டு. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1950-51 பருவத்தில். ஒரு வீரர் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது 1951-52 முதல் பதிவானது. எதிரியின் எறிதலைக் கையால் தடுக்கும் பிளாக், பந்தைப் பறிக்கும் ஸ்டீல், ரீபவுண்டுகளில் தாக்குதல் தடுப்பு என்ற பிரிப்பு ஆகிய மூன்றும் 1973-74இல்தான் கணக்கேட்டுக்கு வந்தன. வீரர்வாரியான பந்திழப்பு 1977-78இல் வந்தது.

இதன் விளைவைப் பில் ரஸ்ஸலிடம் காணலாம். 1957 முதல் 1969 வரையிலான பதின்மூன்று பருவங்களில் செல்டிக்ஸ் பதினொரு முறை வாகை சூடியது. அத்தனையிலும் ஆடியவர் ரஸ்ஸல். அவர் ஆட்டத்தின் உயிர்நாடி தடுப்பு. எதிரியின் பந்தைத் தடுத்து, களத்துக்கு வெளியே விரட்டாமல் தன் அணியினர் கைக்கே சேர்த்து, அங்கிருந்து விரைந்த தாக்குதலைத் தொடங்கிவைப்பது அவர் முறை. அவருடைய அலுவல்முறைப் பிளாக் எண்ணிக்கை என்ன? ஒன்றுமில்லை. பூச்சியம்கூட இல்லை, வெற்றுக் கட்டம். அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே அவர் செய்த செயலுக்குப் பெயர் பதிந்த ஒரு பத்தி உருவானது. தம்பியின் நிரல் அக்கட்டத்தை எப்படி நிரப்பியது என்று கேட்டேன். பிற்கால நடுக்கள வீரர்களின் சராசரியை இட்டதாகச் சொன்னார். கணக்கியல்படி அது தவறான வழக்கமன்று. ஆனால் எதில் ரஸ்ஸல் எவரினும் வேறுபட்டிருந்தாரோ, சரியாக அந்த இடத்தில் அவரைச் சராசரி மனிதராக்கிவிட்டது.

இன்னொன்று மேலும் நுட்பமானது. 1961-62 செல்டிக்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 121 புள்ளிகள் எடுத்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைப் புயல்வேகத் தாக்குதல் அணி என்பார். ஆனால் அப்பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் வளையத்தை நோக்கி எறிந்த எறிதல்கள் சராசரியாக 107.7. 2016-17இல் அது 85.4. அன்று ஓட்டம் அதிகம், எறிதல் அதிகம், தவறவிடுவதும் அதிகம். நூறு எறிதல்களில் 43க்கும் குறைவாகவே வளையத்துக்குள் விழுந்தன. ஆகவே ஓர் அணியின் திறனை அறிய ஒரு தாக்குதல் வாய்ப்புக்கு எத்தனை புள்ளி என்று பார்க்க வேண்டும். வாய்ப்புகளின் எண்ணிக்கையைப் பழைய ஏடுகளில் நேரடியாக எண்ணி வைக்கவில்லை; எறிதல்கள், தண்ட எறிதல்களில் ஏறத்தாழ 0.44 பங்கு, பந்திழப்புகள் ஆகியவற்றைக் கூட்டி, தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து மதிப்பிடுவார்கள். இச்சமன்பாட்டின் நான்கு உறுப்புகளில் இரண்டு, பந்திழப்பும் தாக்குதல் ரீபவுண்டும், 1962இன் ஏட்டில் கிடையாது. எனவே 1962 செல்டிக்ஸின் தாக்குதல் திறன் என்று எந்த நிரல் காட்டும் எண்ணும் மீட்டெடுப்பே, எங்கள் மூலத் திராவிடச் சொல்லைப் போல.

அடுத்து விதிகள். எந்த ஆண்டின் விதிப்புத்தகத்தின்படி இவர்கள் ஆடுவார்கள்? தம்பி இதை யோசிக்கவே இல்லை. அவருடைய நிரலில் விதி என்ற ஒன்றே இல்லை. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. லேக்கர்ஸின் ஜார்ஜ் மைக்கனைச் சமாளிக்க வழி தெரியாமல் பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தடுக்கும் விதி அப்போது இல்லை. ஆட்டம் இப்படியே போனால் பார்க்க ஆளிருக்காது என்ற நெருக்கடியில், 1954இல் சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன் ஓர் எளிய கணக்குப் போட்டார். நல்ல ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து 120 முறை எறிகின்றன, ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 நொடி, வகுத்தால் 24. அதுதான் இன்றும் உலகெங்கும் களத்தின் மேலே ஒளிரும் 24 நொடிக் கடிகாரத்தின் பிறப்பு. அணியொன்றின் சராசரிப் புள்ளி ஒரே பருவத்தில் 79.5இலிருந்து 93.1க்கு ஏறியது. 1950 லேக்கர்ஸை 24 நொடிக் கடிகாரத்தின் கீழ் ஆடவைத்தால் அவர்கள் 1950 லேக்கர்ஸாக இருக்க மாட்டார்கள். வாரியர்ஸைக் கடிகாரமின்றி ஆடவைத்தாலும் அதே நிலைதான்.

மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-80இல். அப்பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2016-17 வாரியர்ஸ் 31 முறை எறிந்தது. கோடும் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. 1994-95 முதல் மூன்று பருவங்களுக்கு அது சுற்றிலும் 22 அடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வளைவில் 23 அடி 9 அங்குலம். தம்பியின் நிரலில் உள்ள 1996 புல்ஸின் மூன்று புள்ளி விழுக்காடு 40.3. அது குறுங்கோட்டு எண். மைக்கேல் ஜோர்டன் 1995-96இல் மூன்று புள்ளி எறிதல்களில் 42.7 விழுக்காட்டை வெற்றியாக்கினார். கோடு பழைய இடத்துக்குத் திரும்பியபின், 1997-98இல், 23.8 விழுக்காடு. ஈராண்டு முதுமையும் அதில் ஒரு பங்கு எனலாம். ஆனாலும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை முதுமையின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆக, புல்ஸ் வாரியர்ஸ் இறுதி ஆட்டத்தில் தரையில் எங்கே கோடு வரைவது என்ற தச்சு வேலையே முடிவைத் தீர்மானிக்கக்கூடும்.

இடையில் ஒரு வேடிக்கை. ஸ்டீவ் கெர் 1996 புல்ஸின் ஆட்டக்காரர். 2017 வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளரும் அவரே. இவ்விறுதி ஆட்டத்தில் 30 வயதுக் கெர் களத்தில் நிற்க, 51 வயதுக் கெர் எதிர்ப்பக்கம் நின்று அவரை எப்படித் தடுப்பது என்று ஆள்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். எந்த நிரலும் இதற்கு இடம் வைத்ததாகத் தெரியவில்லை.

விதிகளின் தொல்லையிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. எண்களை நேரடியாக ஒப்பிடாமல், ஒவ்வோர் அணியும் தன் காலத்தவரைவிட எவ்வளவு உயர்ந்து நின்றது என்று மட்டும் ஒப்பிடுவது. சதுரங்க ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்த 1929இல் செர்மெலோ வகுத்த முறையும், பின்னர் ஆர்பாட் எலோ உருவாக்கிய தரப்புள்ளி முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எளிய வடிவத்தில் கணக்கு இது: 1996 புல்ஸ் 72 வெற்றி, 10 தோல்வி, விகிதம் 7.2. 2017 வாரியர்ஸ் 67 வெற்றி, 15 தோல்வி, விகிதம் 4.47. இரண்டையும் கூட்டி, 7.2ஐ அக்கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.617. அதாவது பொதுவான களத்தில் ஓர் ஆட்டத்தைப் புல்ஸ் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு. ஏழு ஆட்டத் தொடரானால் நான்கில் மூன்று. தேநீர்க் கடையின் விலைப்பட்டியல் அட்டைக்குப் பின்புறம் இதைப் போட்டுக் காட்டினேன். தம்பியின் நிரலோ அதற்கு நேர்மாறாக வாரியர்ஸைத் தூக்கிவைத்திருந்தது. இரண்டு முடிவுகளும் ஒரே ஏட்டிலிருந்து வந்தவை. அவர் எறிதல் விழுக்காடுகளை அப்படியே எடுத்துக்கொண்டார்; நான் வெற்றி தோல்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் கணக்கைக் கண்டு அவர் மகிழ்ந்தார். (புல்ஸ் பக்தர்.) நான்தான் அதை அடித்துவிட்டேன். காலத்தவரோடு ஒப்பிடும் முறை ஒரு பெரிய எடுகோளை வாயைத் திறக்காமல் விழுங்கிவிடுகிறது: எல்லாக் காலத்துக் காலத்தவரும் ஒரே தரத்தினர் என்பது. 1961-62இல் என்.பி.ஏ.வில் ஒன்பது அணிகள். 2016-17இல் முப்பது அணிகள், உலகின் பல நாடுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள். ஒன்பது அணிகளுக்குள் திறமை செறிந்திருந்தது என்று ஒருவர் வாதிடலாம்; உலகமே திறந்துவிடப்பட்டதால் தரம் உயர்ந்தது என்று மற்றவர் வாதிடலாம். வெற்றி தோல்விக் கணக்கால் இவ்விருவரிடையே தீர்ப்புச் சொல்ல இயலாது. ஒவ்வொரு பருவத்திலும் வெற்றிகளின் தொகையும் தோல்விகளின் தொகையும் சமமாகத்தான் இருக்கும்.

காலங்களுக்கிடையே பாலம் போடுவோர் வீரர்களின் சங்கிலியை நாடுகிறார்கள். வில்ட் சேம்பர்லினோடு மோதிய கரீம் அப்துல் ஜபார் 1989 வரை ஆடி ஹக்கீம் ஒலாஜுவானோடு மோதினார். ஒலாஜுவானை எதிர்த்து ஆடிய டிம் டங்கன் 2016 வரை ஆடி ஸ்டீஃபன் கரியைச் சந்தித்தார். அண்டை ஊரார் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிய, இரு கோடியில் உள்ளவர்களுக்குப் புரியாமல் போகும் வட்டாரவழக்குத் தொடர்ச்சியை இது எனக்கு நினைவூட்டுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் இளையவர், மற்றவர் முதியவர். ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படும் சிறு சாய்வு கடைசிக் கண்ணியில் பெருங்கோணலாகிவிடும். சொற்பட்டியலின் தேய்மானத்தைக் கொண்டு மொழிகள் பிரிந்த காலத்தைக் கணிக்க முயன்ற மோரிஸ் சுவாதேஷின் முறையும் மாறாத தேய்வு வீதம் என்ற எடுகோளில்தான் இடறியது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஏட்டில் இடம்பெற்ற அணிகளின் சிக்கல்கள். இவற்றையாவது கவனமாகக் கையாளலாம், உடுக்குறி இட்டுக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது அட்டவணையின் முதல் வரி. ஏன் 1950இல் தொடங்க வேண்டும்?

தம்பி சொன்ன விடை இயல்பானது: என்.பி.ஏ. என்ற பெயர் 1949-50 பருவத்தில் வந்தது, எண்கள் அங்கிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கின்றன. அப்படியானால் நியூயார்க் ரென்ஸ் எங்கே?

கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்த பாப் டக்ளஸ் 1923இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் தொடங்கிய முழுக் கறுப்பினத் தொழில்முறை அணி அது. ரெனசான்ஸ் என்ற நடன அரங்கில் ஆடியதால் அப்பெயர். நடனமாட வழுவழுப்பாக்கிய தரைதான் அவர்களின் ஆடுகளம். அரங்கில் வருவாய் போதாமல் ஆண்டின் பெரும்பகுதி பேருந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடினர். பல ஊர்களில் விடுதியும் உணவகமும் அவர்களுக்குக் கதவடைத்தன. 1932-33 பருவத்தில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்கள் வென்றனர். என்.பி.ஏ.வின் மிக நீண்ட வெற்றித் தொடர் 1971-72 லேக்கர்ஸின் 33 என்பதோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். எதிரணிகளின் தரம் ஒன்றல்ல, ஒப்பீடு செல்லாது என்று உடனே சொல்வோம். சரிதான். ஆனால் அதே எச்சரிக்கை 1950 லேக்கர்ஸுக்கும் 2017 வாரியர்ஸுக்கும் இடையே மட்டும் ஏன் தளர்கிறது?

எதிரணியின் தரம் பற்றிய கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. 1939இல் சிகாகோவில் முதன்முறையாக உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் நடந்தது. இன வேறுபாடின்றி அணிகள் அழைக்கப்பட்டன. இறுதியில் ஆஷ்காஷ் ஆல்ஸ்டார்ஸ் என்ற வெள்ளையர் அணியை 34-25 என்று ரென்ஸ் வென்றது. அத்தொடரின் முதல் வாகையர் அவர்கள். அடுத்த ஆண்டு மற்றொரு கறுப்பின அணியான ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் வென்றது. 1948இல் அத்தொடரின் கடைசி இறுதி ஆட்டம். ரென்ஸை எதிர்த்தது மைக்கனின் மினியாபொலிஸ் லேக்கர்ஸ். மைக்கன் 40 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 75, ரென்ஸ் 71.

நான்கு புள்ளி. அதே ஆண்டு பிப்ரவரியில் குளோப்டிராட்டர்ஸ் இதே லேக்கர்ஸை 61-59 என்று வென்றிருந்தது. அடுத்த ஆறு பருவங்களில் லேக்கர்ஸ் ஐந்து முறை வாகை சூடி, கூடைப்பந்தின் முதல் பேரரசு என்று ஏடுகளில் இடம்பிடித்தது. ரென்ஸ் 1948-49இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகர அணியாக தேசிய லீக்கில் ஒரு பருவத்தின் நடுவில் நுழைந்தது. 1949இல் அந்த லீக்கும் மற்றொரு லீக்கும் இணைந்து என்.பி.ஏ. உருவானபோது அதற்கு இடம் கிடைக்கவில்லை. அணி கலைந்தது. 1950இல் சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், எர்ல் லாய்டு ஆகிய மூவர் வழியாகவே என்.பி.ஏ. கறுப்பின வீரர்களுக்குத் திறந்தது. இவர்களுள் கிளிஃப்டன், 1948 இறுதியில் ரென்ஸுக்காக மைக்கனை எதிர்த்து ஆடியவர். 1950இல் வாகை சூடிய லேக்கர்ஸ் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லாத லீக்கில் வென்ற அணி என்பதை எந்தப் பாவனைப் போட்டியும் தன் அட்டவணையில் குறிப்பதில்லை.

வாகையர் தொடர் என்று நாம் சொல்லும்போது ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைத்தான் வரலாறு என்கிறோம். 1967இல் அலியைக் களத்திலிருந்து விலக்கியவர்கள் ஒருபுறம், கணினிக்கு எண் ஊட்டியவர்கள் மறுபுறம், இருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ரென்ஸை 1949இல் விட்டுவிட்டவர்களும் இன்று நிரல் எழுதும் இளைஞர்களும் அப்படியே. தம்பியிடம் எவ்வகை வன்மமும் இல்லை. அவர் இணையத்தில் கிடைத்த கோப்பை இறக்கிக்கொண்டார், அவ்வளவே. நான் ஆய்வுக்காகப் பயன்படுத்தும் சொற்றொகுதிகளிலும் இப்படி எத்தனை பேச்சுகள் விடுபட்டிருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன்.

மீட்டெடுப்பையே வெறுப்பவள் அல்லள் நான். இளம் சொசூர் தம் 21ஆம் வயதில், எந்த மொழியிலும் காணக்கிடைக்காத சில ஒலிக்கூறுகள் மூல இந்தோ ஐரோப்பியத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கின் வலுவால் மட்டும் எழுதினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1927இல், மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த இத்தைத்துப் பலகைகளில் அவற்றின் தடத்தைக் குரிவோவிச் காட்டினார். ஊகம் சான்றைச் சந்தித்த அரிய தருணம் அது. கூடைப்பந்திலும் பழைய படச்சுருள்களை ஓட்டி ரஸ்ஸலின் பிளாக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவோர் இருக்கிறார்கள். பழைய கறுப்பின நாளிதழ்களைப் புரட்டி ரென்ஸ் ஆட்டங்களைத் தொகுப்போரும் இருக்கிறார்கள். ஆயிரம் முறை ஓடும் நிரலைவிட அவர்கள் எண்ணியெடுக்கும் ஒரு மாலை ஆட்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மீண்டும் வந்தார். பாவனை முடிவுகள் அனைத்துக்கும் முன்னால் உடுக்குறி இட்டிருந்தார். 1962 செல்டிக்ஸின் பிளாக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் பூசியிருந்தார். ஒன்பதாவது வரிசையொன்றையும் சேர்த்திருந்தார்: 1939 நியூயார்க் ரென்ஸ். அதில் அவரால் நிரப்ப முடிந்தவை ஆண்டும், 34-25 என்ற எண்ணும்தான். ஏனைய இருபத்து மூன்று கட்டங்களும் காலி. சராசரியை இட்டு நிரப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நிரலை ஓட்டினார். இரண்டு நொடி யோசித்துவிட்டு அது நின்றுவிட்டது. ஒன்பதாவது வரிசையில் மதிப்புகள் இல்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. அத்திரையைப் படமெடுத்து இப்பதிவோடு இணைத்திருக்கிறேன்.